உப்புக்காக ஒரு போர் (பாலைகளின் சரித்திரம் – 14)

1835 ஜூலையில் ‘பீகிள்’ கப்பல் இக்கிக்கே துறையில் நங்கூரம் பாய்ச்சியது. இன்று சிலி நாட்டின் வடகோடியில் இருக்கும் அந்த நகரம் அன்று பெருவுக்குச் சொந்தமான சிற்றூர். கப்பலிலிருந்து இறங்கிய இளம் இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் கண்டது, கடலுக்கும் செங்குத்தான மலைச்சுவருக்கும் இடையில் ஒரு துண்டு மணல்வெளி. அதில் ஏறக்குறைய ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். ஊரில் கிணறில்லை, ஓடையில்லை. சுமார் 40 மைல் வடக்கே இருந்த பிசாகுவாவிலிருந்து படகில் வரும் தண்ணீரைப் பீப்பாய்க் கணக்கில் விலைகொடுத்து வாங்கினார்கள். விறகும் தானியமும்கூடக் கடல்வழியாகவே வந்து சேர்ந்தன.

இத்தனை வறண்ட இடத்தில் மனிதர்கள் ஏன் தங்கியிருந்தார்கள் என்ற கேள்விக்கான விடையைத் தேடி டார்வின் மலையேறி உள்ளே போனார். வழிநெடுகச் சுமை தூக்கியே செத்துவிழுந்த விலங்குகளின் எலும்புகளும் காய்ந்த தோல்களும் கிடந்தன. அந்தப் பாதை முடிந்த இடத்தில் இருந்தது வெடியுப்பு வெட்டும் வேலைத்தலம். அடுத்த நூறாண்டுகளுக்கு மூன்று நாடுகளின் தலைவிதியை எழுதப்போகும் உப்பு அது.

சென்ற பகுதியில் அட்டகாமாவின் கரையோர மீனவர்களான சின்சோரோ மக்களைப் பார்த்தோம். எகிப்தியர்களுக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தியவர்கள் அவர்கள். அந்த உடல்கள் 7,000 ஆண்டுகள் அழியாமல் கிடந்ததற்கு அவர்களுடைய கைத்திறன் பாதிக் காரணம், மண்ணின் வறட்சி மீதிக் காரணம். அதே வறட்சிதான் இந்த உப்பையும் காத்து வைத்திருந்தது. ஆகவே இந்த நிலம் ஏன் இப்படிக் காய்ந்துகிடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பெருவின் தென் எல்லையிலிருந்து கோப்பியாப்போ வரை, தெற்கு வடக்காகச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய பட்டையாகக் கிடக்கிறது அட்டகாமா. கிழக்கில் ஆண்டீஸ் மலைத்தொடர். அமேசான் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று அந்த மலைகளின் மறுசரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்கில் பசிபிக் மாகடல் இருந்தும் பயனில்லை. தென்துருவப் பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரக் கடலைச் சில்லிட வைத்திருக்கிறது. குளிர்ந்த கடல்மேல் கிடக்கும் காற்று கனத்துத் தாழ்ந்தே நிற்கும், மேலே எழும்பாது. எழும்பாத காற்றிலிருந்து மழை எப்படி வரும்? போதாததற்கு, தென் பசிபிக்கின் உயரழுத்த மண்டலம் மேலிருந்து காற்றை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆக, கடல் தருவதெல்லாம் மூடுபனி மட்டும். அங்குள்ளவர்கள் அதைக் கமஞ்சாகா என்கிறார்கள். அந்தப் பனியும் கரையோர மலைத்தொடரில் முட்டி நின்றுவிடும். அதைத் தாண்டியிருக்கும் நடுச் சமவெளிக்கு அந்த ஈரம்கூட எட்டுவது அபூர்வம்.

அரிகா நகரின் ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், அங்கே ஒரு துளி மழைகூடப் பதிவாகவில்லை. இந்தப் பாலை முழுவதையும் கடந்து கடலைச் சேரும் ஆறு லோவா ஒன்றுதான். சிலியின் மிக நீளமான ஆறு அது. ஆனால் வறண்ட காலத்தில் பல இடங்களில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடும்.

இப்போது உப்புக்கு வருவோம். நடுச் சமவெளியின் மேற்கு விளிம்பில், கரையோர மலைகளின் கிழக்குச் சரிவை ஒட்டி, நிலத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பாறைபோல் இறுகிய ஒரு படிவம் இருக்கிறது. அதன் பெயர் காலிச்சே. அதில் கலந்திருப்பது சோடியம் நைட்ரேட். நம் பள்ளி வேதியியல் புத்தகங்களில் ‘சிலி வெடியுப்பு’ என்று படித்தோமே, அதுதான். இது எப்படி வந்தது என்பது பற்றி 19-ஆம் நூற்றாண்டில் பல ஊகங்கள் உலவின. காய்ந்த கடற்பாசி என்றார்கள், பறவை எச்சம் என்றார்கள். பெரும்பகுதி வானத்திலிருந்தே வந்தது என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. காற்றுமண்டலத்தில் உருவாகும் நைட்ரேட் நுண்துகளாக எல்லா நிலங்களிலும்தான் படிகிறது. மற்ற இடங்களில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், இல்லையென்றால் செடிகொடிகள் உறிஞ்சிவிடும். அட்டகாமாவில் கழுவ மழையில்லை, உறிஞ்சச் செடியுமில்லை. பல லட்சம் ஆண்டுகள் படிந்தது படிந்தபடியே சேர்ந்துவிட்டது. புல் முளைக்காத இந்த மண்ணில்தான் பயிருக்கு மிக வேண்டிய சத்து உலகிலேயே அதிகமாகக் குவிந்திருந்தது.

ஐரோப்பாவின் வயல்கள் அப்போது களைத்துப்போயிருந்தன. பெருகும் மக்கள்தொகைக்கு விளைச்சல் போதவில்லை. முதலில் அவர்களுடைய பசியை ஆற்றியது பெருவின் சின்சா தீவுகளில் மலைபோல் குவிந்திருந்த கடற்பறவை எச்சமான குவானோ. அதன் கதை தனியாகச் சொல்லவேண்டிய அளவுக்குக் கொடியது. அது தீரத் தீர உலகத்தின் கண் வெடியுப்பின்மேல் விழுந்தது. உரத்துக்கு மட்டுமல்லாமல் வெடிமருந்துக்கும் இதுதான் மூலப்பொருள். சுரங்கம் தோண்டவும், இருப்புப் பாதைக்காக மலையைப் பிளக்கவும், போர் செய்யவும் இது தேவைப்பட்டது.

வறண்ட நிலத்துக்கு அதுவரை யாரும் எல்லைக்கோடு சரியாகப் போட்டிருக்கவில்லை. ஸ்பெயினின் ஆட்சி முடிந்தபோது பெரு, பொலிவியா, சிலி ஆகிய மூன்று புதிய குடியரசுகளும் அட்டகாமாவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. வடக்கே தாராபாக்கா மாகாணம் பெருவுடையது. நடுவில் இருந்த கடற்கரை பொலிவியாவுடையது. ஆமாம், பொலிவியாவுக்கு அப்போது கடல் இருந்தது. கோபிஹா என்றொரு துறைமுகமும் இருந்தது. ஆனால் பொலிவிய மக்கள் வாழ்ந்ததோ ஆண்டீஸ் மேட்டுநிலத்தில். தலைநகரிலிருந்து தன் சொந்தக் கடற்கரையை அடைய ஒரு பொலிவியர் பனிமலையையும் பாலையையும் கடந்தாகவேண்டும். சிலிக்காரருக்கோ வால்பரைசோவில் கப்பலேறினால் போதும். 1860-களின் பின்பகுதியில் அன்டோஃபகஸ்டா ஊர் உருவானபோது அங்கே பறந்த கொடி பொலிவியாவுடையது, குடியேறியவர்களில் பெரும்பாலோர் சிலிக்காரர்கள், முதலீடு சிலிக்காரர்களுடையதும் ஆங்கிலேயர்களுடையதும். இனி வரப்போகும் துன்பம் அத்தனைக்கும் விதை இந்தப் பொருத்தமின்மையில் இருக்கிறது.

சிலியும் பொலிவியாவும் 1866-லும் 1874-லும் ஒப்பந்தம் செய்துகொண்டன. எல்லை 24-ஆவது தென் அட்சரேகை என்றானது. அந்தப் பகுதியில் தொழில் செய்யும் சிலிக்காரர்கள்மீது 25 ஆண்டுகளுக்கு வரியை உயர்த்துவதில்லை என்று பொலிவியா 1874-இல் வாக்களித்தது. 1877-இல் அந்தக் கடற்கரையைப் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. அடுத்து மேட்டுநிலத்தில் பஞ்சம். கருவூலம் காலி. 1878 பிப்ரவரியில் பொலிவிய நாடாளுமன்றம் அன்டோஃபகஸ்டா வெடியுப்புக் கம்பெனி ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு குவிண்டாலுக்கும் பத்து சென்டாவோ வரி விதித்தது. அந்தக் குவிண்டால் ஏறக்குறைய 46 கிலோ. பத்து சென்டாவோ பெரிய தொகையில்லை. கம்பெனி கட்ட மறுத்தது. சிலியின் செல்வாக்குள்ள அரசியல்வாதிகள் பலர் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

பொலிவியாவின் அதிபர் இலாரியோன் தாசா விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனியின் சொத்துகளை 1879 பிப்ரவரி 14-ஆம் தேதி ஏலம் விட உத்தரவிட்டார். அன்று காலையில் அன்டோஃபகஸ்டாவில் வந்து இறங்கியது சிலியின் படை. ஏறக்குறைய 200 வீரர்கள்தான் வந்தார்கள். எதிர்ப்பில்லாமல் ஊர் கைமாறியது. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையே 1873-லேயே ஓர் இரகசிய உடன்படிக்கை இருந்தது. அதனால் ஏப்ரல் 5-ஆம் தேதி சிலி இரு நாடுகள்மீதும் போர் அறிவித்தது.

சட்டப்படி பார்த்தால் ஒப்பந்தத்தை மீறியது பொலிவியா. சட்டத்துக்கு அப்பால் பார்த்தால், தன் மண்ணில் வெட்டியெடுத்த பொருளுக்கு ஓர் ஏழை நாடு கேட்ட சிறு பங்கைத் தரமறுத்தது ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்காகக் கப்பல் அனுப்பியது ஓர் அரசு. இரண்டாவதைத்தான் நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

போரின் முதல் சண்டை சிலியின் அறிவிப்புக்கு முன்பே, மார்ச் 23-ஆம் தேதி, கலாமாவுக்கருகே தொப்பாத்தேரில், லோவா ஆற்றின் கடவில் நடந்தது. ஆற்றைத் தாண்ட வந்த 500-க்கு மேற்பட்ட சிலி வீரர்களை எதிர்த்து நின்ற பொலிவியர்கள் சுமார் 130 பேர். அவர்களில் பலர் படைவீரர்களே இல்லை, ஊர்க்காரர்கள். எதுவார்தோ அபரோவா என்பவர் அப்படி ஆயுதம் எடுத்த ஒரு குடிமகன். சரணடைய மறுத்து ஆற்றங்கரையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இறந்த நாளைத்தான் பொலிவியா இன்றும் ஆண்டுதோறும் ‘கடல் நாள்’ என்று கடைப்பிடிக்கிறது.

அதன்பிறகு போர் கடலுக்குப் போனது. போக வேண்டியிருந்தது. பாலையின் குறுக்கே பெரும்படை நடத்திச்செல்லத் தண்ணீரும் இல்லை, சாலையும் இல்லை. யாருக்குக் கடலோ அவருக்கே பாலை. சிலியிடம் இரண்டு புதிய இரும்புக்கவசக் கப்பல்கள் இருந்தன. பெருவிடம் ‘உவாஸ்கர்’ இருந்தது. அதை நடத்திய மிகுவேல் கிராவ் இருந்தார்.

1879 மே 21. இக்கிக்கே துறைமுகத்தை முற்றுகையிட்டிருந்த சிலியின் பழைய மரக்கப்பல் ‘எஸ்மெரால்டா’வை உவாஸ்கர் தாக்கியது. மரத்துக்கும் இரும்புக்கும் சண்டை. தப்பமுடியாது என்று தெரிந்தும் எஸ்மெரால்டாவின் தலைவர் அர்துரோ பிராட் கொடியை இறக்கவில்லை. உவாஸ்கர் வந்து முட்டியபோது, வாளேந்தி அதன் தளத்தில் குதித்து அங்கேயே செத்தார். கிராவ் அடுத்துச் செய்த இரண்டு காரியங்களை எதிரி நாட்டிலும் மறக்கவில்லை. மூழ்கும் கப்பலிலிருந்து கடலில் தத்தளித்த சிலி மாலுமிகளைக் காப்பாற்றினார். பிராட்டின் உடைமைகளையும் வாளையும் எடுத்துவைத்து, அவருடைய மனைவி கார்மேலா கார்வஹாலுக்கு ஆறுதல் கடிதத்துடன் அனுப்பினார். அதற்கு அந்த அம்மையார் நன்றி தெரிவித்துப் பதிலும் எழுதினார். போர்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட கடிதங்கள் மிக அரிது. இந்தத் தொடரில் எத்தனையோ படைத்தலைவர்களைப் பார்த்தோம், கிராவைப்போல் மனத்தில் நிற்பவர்கள் குறைவு.

அதே நாளில் பெருவின் மற்றொரு இரும்புக்கப்பல் ‘இண்டிபென்டென்சியா’ துரத்திப்போன வேகத்தில் பாறையில் மோதி அழிந்தது. மிஞ்சிய ஒற்றைக் கப்பலை வைத்துக்கொண்டு சிலியின் படையெடுப்பைச் சுமார் ஐந்து மாதம் நிறுத்திவைத்தார் கிராவ். அக்டோபர் 8-ஆம் தேதி அங்காமோஸ் முனையில் சிலியின் கப்பல்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. கப்பலின் கட்டளைக் கோபுரத்தில் விழுந்த குண்டு அவரைச் சிதறடித்தது. உவாஸ்கர் பிடிபட்டது. தல்காவானோ துறையில் அந்தக் கப்பலை இன்றும் போய்ப் பார்க்கலாம். பிராட்டும் கிராவும் உயிரைவிட்ட அதே தளம், இரு தரப்பினரின் நினைவிடமாகவும் பேணப்படுகிறது.

கடல் கைக்கு வந்ததும் நவம்பர் 2-ஆம் தேதி பிசாகுவாவில் சிலி தரையிறங்கியது. இனி நடந்தவை அனைத்தும் தண்ணீரைச் சுற்றியே நடந்தன. சிலிப் படை விரைந்து சென்று கைப்பற்றியது தொலோரெஸ் என்ற இடத்தின் கிணறுகளை. அந்தக் கிணறுகளை மீட்கப் பாலை வழியே நாவறண்டு நடந்துவந்த பெரு–பொலிவியப் படை நவம்பர் 19-இல் சிதறடிக்கப்பட்டது. அவர்களோடு வந்து சேரவேண்டிய தாசா, அரிகாவிலிருந்து புறப்பட்டுப் பாலை வெயிலில் தன் படையைப் பகலில் நடத்தி, கமரோனெஸ் பள்ளத்தாக்கை எட்டியதும் திரும்பிப் போய்விட்டார். டிசம்பரில் அவருடைய பதவியும் போயிற்று. நவம்பர் 27-இல் தாராபாக்கா ஊரில் நடந்த சண்டையோ இன்னும் விசித்திரம். தாகத்தோடு வந்து தாக்கிய சிலிப் படையை அங்கே பெரு வீரர்கள் தோற்கடித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிலி வீரர்கள் மாண்டார்கள். ஆனால் வென்றவர்களிடம் உணவுமில்லை, தோட்டாவுமில்லை. வெற்றிபெற்ற படை அரிகாவை நோக்கிப் பின்வாங்கியது. வெடியுப்பு விளையும் மாகாணம் முழுவதும் தோற்றவர் கைக்குப் போனது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1880-இல் தாக்னாவும் அரிகாவும் விழுந்தன. 1881 ஜனவரியில் தலைநகர் லிமா விழுந்தது. 1883-இன் அன்கோன் உடன்படிக்கை தாராபாக்காவை நிரந்தரமாகச் சிலிக்குக் கொடுத்தது. தாக்னா, அரிகா வழக்கு 1929 வரை இழுத்து, தாக்னா பெருவுக்கும் அரிகா சிலிக்கும் என்று முடிந்தது. பொலிவியா 1884-இல் போர்நிறுத்தம் செய்து, 1904 ஒப்பந்தத்தில் தன் கடற்கரையை முழுவதுமாக எழுதிக்கொடுத்தது. அதற்குப் பதிலாக அரிகாவிலிருந்து லா பாஸுக்கு ஒரு ரயில் பாதை கிடைத்தது. கடலுக்கு வழிகேட்டுப் பொலிவியா தொடுத்த வழக்கில், பேச்சு நடத்தச் சிலிக்குச் சட்டக் கடமை இல்லை என்று 2018 அக்டோபர் 1-இல் சர்வதேச நீதிமன்றம் 12-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பொலிவியாவிடம் இன்றும் கடற்படை இருக்கிறது. அதன் படகுகள் டிட்டிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் ஓடுகின்றன.

வென்ற சிலிக்கு உப்பு கிடைத்ததா? அரசுக்கு வரி கிடைத்தது. அதில் ஐயமில்லை. முதல் உலகப்போர் வரை சிலி அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி வெடியுப்பு ஏற்றுமதி வரியிலிருந்து வந்தது. ஆனால் உப்புவயல்கள் யார் கைக்குப் போயின என்று பார்த்தால் ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர் வந்து நிற்கிறார். லீட்ஸ் பகுதியிலிருந்து இயந்திரத் தொழிலாளியாக வந்தவர். 1875-இல் பெரு தன் உப்புவயல்களை அரசுடைமையாக்கி உரிமையாளர்களுக்குக் கடன்பத்திரம் கொடுத்திருந்தது. போர்க்காலத்தில் அந்தப் பத்திரங்கள் மதிப்பிழந்து கிடந்தபோது நார்த்தும் அவருடைய கூட்டாளிகளும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி சிலி வங்கியின் கடன். போர் முடியும் முன்பே, பத்திரம் வைத்திருப்பவருக்கே வயல் சொந்தம் என்று சிலி முடிவெடுத்தது. வயல்கள் மட்டுமல்ல, அவற்றிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் ரயிலும், இக்கிக்கே நகரின் குடிநீரும் நார்த்தின் கம்பெனிகளிடம் போயின. ஒரு பாலைநகரத்தின் குடிநீர் ஒரு தனிமனிதரின் வியாபாரமானது. இந்த ஏகபோகத்தை எதிர்த்து 1889-இல் இக்கிக்கேவுக்கே வந்து பேசிய அதிபர் ஹோசே மனுவேல் பால்மசேடா, 1891 உள்நாட்டுப் போரில் தோற்று, தன் பதவிக்காலம் முடிந்த மறுநாள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அந்த உள்நாட்டுப் போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவரை எதிர்த்தவர்கள் தங்கள் படைக்கான செலவை வெடியுப்பு வரியிலிருந்தே எடுத்தார்கள்.

இனிப் பாலைக்குள் போவோம். உப்பு எடுக்கும் ஆலையும் அதைச் சுற்றிய குடியிருப்பும் சேர்ந்ததற்கு ‘ஒஃபிசினா’ என்று பெயர். அட்டகாமா முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஒஃபிசினாக்கள் எழுந்தன. வேலைக்கு ஆள் பிடிக்கத் தென்சிலியின் பண்ணைகளுக்கும், பொலிவிய, பெருவிய கிராமங்களுக்கும் தரகர்கள் போனார்கள். அதே காலத்தில் நம் ஊர்களில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளை நினைத்துக்கொண்டால் போதும், அந்த வாக்குறுதிகள் எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

துளைபோட்டு வெடிவைத்துக் காலிச்சேயைப் பெயர்ப்பார்கள். கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஆலைக்கு ஏற்றி நொறுக்குவார்கள். ‘காச்சூச்சோ’ என்ற பிரம்மாண்டமான இரும்புத் தொட்டிகளில் நீராவிக் குழாய் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். கொதிநீரில் நைட்ரேட் கரையும், சமையலுப்பும் மண்ணும் அடியில் தங்கும். கரைசலை வடித்து ஆறவிட்டால் வெள்ளைப் படிகம். 1870-களின் பிற்பகுதியில் இந்த முறையை இங்கே கொண்டுவந்தவர் ஜேம்ஸ் தாமஸ் ஹம்பர்ஸ்டோன் என்ற பொறியாளர். தொட்டி வடிந்ததும் அடியில் கிடக்கும் சக்கையை மண்வாரியால் வெளியேற்ற ஆட்கள் இறங்குவார்கள். கொதித்த இரும்பு ஆறுவதற்குள், ஏறக்குறைய வெற்றுடம்போடு இறங்கவேண்டும். ஆலையிலேயே கடினமான வேலை அது. தொட்டிகளின் மேல் மூடியோ கம்பித்தடுப்போ கிடையாது. கால் இடறினால் கொதிக்கும் உப்புக் கரைசலில் விழவேண்டியதுதான். அப்படி விழுந்து வெந்து இறந்தவர்கள் உண்டு.

கூலி காசாகக் கிடைக்காது. ஒவ்வோர் ஒஃபிசினாவும் தன் பெயர் பொறித்த வில்லைகளை அடித்துக்கொடுத்தது. அவற்றை ஃபிச்சா என்பார்கள். அவை அந்த ஒஃபிசினாவின் கம்பெனிக்கடையில் மட்டும் செல்லும். கடையின் விலையைக் கம்பெனி வைக்கும், எடையைக் கம்பெனி போடும். பணமாக மாற்றப்போனால் மதிப்பில் கழிவு பிடிப்பார்கள். சுற்றிலும் பாலை. வேறு கடைக்கு எங்கே நடந்துபோவது?

தண்ணீருக்கு அவர்கள் கண்ட வழியையும் சொல்லவேண்டும். லாஸ் சலினாஸ் என்ற இடத்தில் நிலத்தடி நீர் இருந்தது, ஆனால் உப்பு நீர். 1872-இல் சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் அங்கே 4,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி மூடிய மரத்தொட்டிகளை அமைத்தார். வெயிலில் ஆவியாகும் நீர் கண்ணாடியின் அடியில் வியர்த்து வடியும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தது. சூரிய வெப்பத்தால் உப்புநீரைக் குடிநீராக்கிய முதல் பெரிய ஆலை இதுதான் என்பார்கள். அட்டகாமாவின் வரலாற்றில் யாருக்கும் தீங்கு செய்யாத கண்டுபிடிப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்.

1907 டிசம்பரில் பொறுமை உடைந்தது. சான் லொரென்சோ ஒஃபிசினாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் பாலையெங்கும் பரவியது. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குடும்பங்களோடு பாலையைக் கடந்து இக்கிக்கேவுக்கு நடந்தார்கள். அவர்கள் கேட்டவை இவை: சரிந்துவிட்ட பண மதிப்புக்கு ஈடாக நிலையான கூலி. ஃபிச்சாவுக்கு முழுமதிப்பு. கடையில் எடை சரிபார்க்கத் தராசு. காச்சூச்சோக்களுக்குக் கம்பித்தடுப்பு. இரவுப்பள்ளி. இவற்றில் எது பேராசை?

நகரத்தில் அவர்களைச் சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சு என்றன கம்பெனிகள். பேசி முடித்த பிறகுதான் திரும்புவோம் என்றார்கள் தொழிலாளர்கள். டிசம்பர் 21, சனிக்கிழமை பிற்பகல், ஜெனரல் ரொபெர்த்தோ சில்வா ரெனார் பள்ளியைச் சுற்றி இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களில் பொலிவியர்களும் பெருவியர்களும் உண்டு. அவர்களுடைய நாட்டுத் தூதர்கள் வந்து, வெளியேறிவிடுங்கள், சுடப்போகிறார்கள் என்று அழைத்தார்கள். அவர்கள் வெளியேற மறுத்துவிட்டார்கள். சிலித் தோழர்களோடே இருந்தார்கள். 28 ஆண்டுகளுக்கு முன்னால் இதே நகரத்தின் கடலில், இதே உப்புக்காக, அவர்களுடைய தகப்பன்மார் ஒருவரையொருவர் கொன்றிருந்தார்கள். மூன்று அரசுகளால் முடியாததை அந்தப் பள்ளி முற்றத்தில் நின்ற கூலிக்காரர்கள் செய்துகாட்டினார்கள்.

நான்கு மணியை நெருங்கும் வேளையில் சுடத் தொடங்கினார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை. அரசுத் தரப்பு சொன்னது நூற்றுச்சொச்சம். தொழிலாளர் தரப்பின் கணக்குகள் இரண்டாயிரத்தைத் தாண்டுகின்றன. உடல்களை அவசரமாகப் பொதுக்குழியில் போட்டு மூடினார்கள். மிஞ்சியவர்களைக் குதிரைப்பந்தயத் திடலுக்கு ஓட்டிச்சென்று, ரயிலேற்றி மறுபடியும் ஒஃபிசினாக்களுக்கே அனுப்பினார்கள். சில்வா ரெனார் தண்டிக்கப்படவில்லை. இக்கிக்கேயில் தன் சகோதரனைப் பறிகொடுத்த அந்தோனியோ ரமோன் ரமோன் என்ற ஸ்பானியத் தொழிலாளி 1914-இல் சாந்தியாகோ தெருவில் அவரைக் கத்தியால் குத்தினார். ஜெனரல் காயத்தோடு பிழைத்துக்கொண்டார். குத்தியவர் சிறைக்குப் போனார்.

வெடியுப்பின் காலம் முடிந்தது வேறொரு கண்டத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில். காற்றில் இருக்கும் நைட்ரஜனிலிருந்தே அம்மோனியா செய்யலாம் என்று 1909-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிரூபித்தார். கார்ல் போஷ் அதை ஆலையளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டு, பிரிட்டனின் கடல் முற்றுகை ஜெர்மனிக்குச் சிலி உப்பு வராமல் தடுத்தபோது, ஜெர்மனி தன் வெடிமருந்துக்கு அந்தச் செயற்கை நைட்ரஜனையே நம்பியது. போர் நடந்தவரை மற்ற நாடுகளுக்கு உப்பு தேவைப்பட்டதால் சிலியில் யாரும் ஆபத்தை முழுதாக உணரவில்லை. 1920-களில் விலை சரிந்தது. 1929-இன் பொருளாதார வீழ்ச்சி மிச்சத்தை முடித்தது. ஒஃபிசினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. வேலையிழந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் தெற்கே திரும்பினார்கள்.

ஹம்பர்ஸ்டோன் பெயரைத் தாங்கிய ஒஃபிசினா 1960-இல் மூடப்பட்டது. அதன் நாடகக் கொட்டகை, சந்தை, இரும்பு நீச்சல்குளம் எல்லாம் அப்படியே நிற்கின்றன. அதையும் அருகிலுள்ள சாந்தா லாராவையும் யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அட்டகாமாவின் சில இடங்களில் இன்றும் காலிச்சே வேலை நடக்கிறது. அங்கே இப்போது நைட்ரேட்டோடு அயோடினும் எடுக்கிறார்கள். உலகின் அயோடினில் பெரும்பங்கு இந்தப் பாலையிலிருந்தே வருகிறது.

1924-இல் கட்டி, இருபதாண்டுகூட ஓடாமல் கைவிடப்பட்ட ஒஃபிசினா ஒன்று உண்டு. பெயர் சாகபூக்கோ. 1973-இல் ராணுவத் தளபதி பினோசே சிலியின் ஆட்சியைப் பிடித்ததும் அதைச் சுற்றி முள்வேலி போட்டுக் கைதிமுகாம் ஆக்கினார். அந்த முகாமைப் பற்றியும், காணாமல்போன தம்மவர்களின் எலும்புகளைத் தேடிக் கலாமாப் பெண்கள் பல ஆண்டுகள் இந்தப் பாலையைத் தோண்டியது பற்றியும் அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.

(தொடரும்)